ரிதம் பாக்ஸுக்கு வந்த சாமி

பெங்களூருக்குப் போய் ஒரு ரிதம் பாக்ஸும் சின்ன கீபோர்டும் வாங்கி வந்த பிறகு என் தலைக்கனத்துக்கு அளவே இல்லை. பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் தானாக வாசிக்கும். தர்மபுரியிலேயே என்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் பதிவு செய்து இரண்டு கேசட்டுகளும் வெளியிட்டிருந்தேன். மொரப்பூர் ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடையில் அவை ஓடும். ரீமிக்ஸ் என்ற பேரெல்லாம் அப்போது தெரியாது. ஒரு சத்தத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதைக் 'கலக்குறது' என்போம்.

அந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் என் கச்சேரி. முந்தைய பண்டிகையில் பதிவு செய்த, சாமியை அழைக்க அடிக்கும் பம்பை மேளச் சத்தத்தை ரிதம் பாக்ஸோடு கலக்கி, வேகத்தையும் கூட்டி ஒரு கேசட்டில் ஏற்றி வைத்திருந்தேன். விசில் பறக்கும் என்பது என் கணக்கு.

கூட்டத்தின் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். புருஷன் அடித்து, கை வீங்கித் தாய்வீட்டுக்கு வந்தவள். அவளைத் திரும்பக் கூட்டிப்போக மாமனார் வந்திருந்தார். மறுநாள் காலை அனுப்புவதாக அப்பாவும் தலையாட்டிவிட்டார். நானும் அதைத் தடுக்காமல் கச்சேரிக்கு ஒயர் இழுக்கப் போய்விட்டேன்.

கேசட்டை ஓடவிட்டு கீபோர்டில் கை வைத்தேன். விசில் வரவில்லை. அக்கா எழுந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்தது. ஆட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டில் ஓடும் பெட்டிக்குச் சாமி வருமா?

"இந்தப் பொண்ண அந்த வூட்டுக்கு அனுப்புனா நான் சும்மா உட மாட்டேன்டா!" அது அக்காவின் குரலே இல்லை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கேசட்டை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதப்பா! சாமி இன்னும் மலையேறல!" என்று பூசாரி கத்தினார். கற்பூரம் காட்டி சாமியை வழியனுப்பும்வரை பம்பை நிற்கக் கூடாது. அதற்குள் அக்கா மரம் போல விழுந்துவிட்டாள்.

மாமனார் எழுந்தார். "என்னாங்க இது? பம்பைக்காரங்க ஒருத்தரையும் காணோம். மிஷின் சத்தத்துக்கு எங்கனா சாமி வருமா? நடிக்கறாங்க."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. "சொல்லு தம்பி, அது பம்பையா, மிஷினா?" என்றார் பூசாரி. நான் 'மிஷின்' என்று சொன்னால் அக்கா காலையில் பஸ் ஏற வேண்டியதுதான்.

"பம்பைதானுங்க," என்றேன். "போன வருஷம் இதே கோயில்ல அடிச்சது. ஆத்தாளுக்கு அடையாளம் தெரியாதுங்களா?"

பூசாரி அக்காவின் நெற்றியில் திருநீறு பூசினார். "ஆத்தா வாக்கு. பொண்ண அனுப்ப முடியாதுங்க," என்றார் அப்பா. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் மேடையிலிருந்து குதித்து ஓடி அக்காவின் தலையை மடியில் தூக்கி வைத்தேன். கண்ணைத் திறக்காமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, அவளுடைய சொந்தக் குரலில் சொன்னாள்:

"ஏன்டா நிறுத்துன? உன்னையும் அப்பாவையும் கேக்க வேண்டியது பாக்கி இருந்துச்சு."