எட்டாம் எண் வண்டியின் ஓட்டுநர்

எட்டாம் எண் பேருந்தின் ஓட்டுநரை எங்கள் கல்லூரியில் எல்லோரும் ‘அரைமணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பும் வண்டிக்கு ஆறேகாலுக்கே வந்து நிற்பார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் வண்டி தாமதமாக வந்தது மூன்றே முறை. மூன்றும் பஞ்சர். வண்டிகளின் குறிப்பேடு என் பொறுப்பில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அதே குறிப்பேட்டில் இன்னொன்றும் இருந்தது. கடந்த இருபது மாதங்களாக மாலை ஆறு மணிக்குப் பிறகு கிளம்பும் எந்த நடையிலும் அவர் பெயர் இல்லை. ஐந்தாம் எண் ஓட்டுநரோடு மாற்றிக்கொண்டு, பதிலுக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமை நடைகளை இவர் ஓட்டினார். இருபது மாதமும் நான்தான் எழுதினேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

திரைப்படத் துறையில் இறுதியாண்டு படிக்கும் பெண் ஒருத்தி தினமும் எட்டாம் எண்ணில் வருவாள். மாணவர் குறும்பட விழாவுக்காக அவரைப் படம் எடுக்கலாமா என்று வந்து கேட்டாள்.

“என்னையா? ஹீரோயின் யாரும்மா?”

“பஸ்தான் அங்கிள்.”

“அப்ப சரி. அதுக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் ஆயிடுச்சு. ஜோடி பொருத்தமாத்தான் இருக்கும்.”

சம்மதப் படிவத்தை என் மேசையில் வைத்துத்தான் கையெழுத்திட்டார். எழுத்து பொடியாக இருக்கிறது, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றார். ‘படமாகவும் ஒலியாகவும் பதிவாகும் அனைத்தையும்’ என்ற வரி உட்பட முழுதும் படித்தேன்.

“நீங்க படிச்சிட்டீங்கல்லண்ணே? அப்புறம் எனக்கென்ன.”

நான்காம் தேதி, பகல் பதினொன்று இருபது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல். இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள், இரண்டு பத்துக்குத் தொடங்கினார்கள். அரங்கில் முந்நூற்று இருபது நாற்காலிகள், ஏறக்குறைய நிரம்பியிருந்தன. அரைமணி தேய்த்த சட்டையோடு மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பதினோராம் வரிசையில் நான், அவர், அவர் மனைவி. மூன்றாம் வரிசையில் வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரி.

ஒன்பதாவதாக அவர் படம். திரையில் முகத்தைக் கண்டதும் மாணவர்கள் விசிலடித்தார்கள். “மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?” என்று மனைவியிடம் கேட்டார். “இத்தனை வருஷமா நான் என்ன சொன்னேன்?” என்றார் அந்த அம்மாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஏழாவது நிமிடத்தில் திரையில் மழை. கொட்டகையில் எட்டாம் எண் நிற்கிறது. கண்ணாடியில் நீர் வழிகிறது. ஆள் யாருமில்லை, அவர் குரல் மட்டும் கேட்டது. கொட்டகை மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷமா வலது கண்ணு சரியில்லப்பா. பொழுது சாஞ்சா எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூசணிக்கா மாதிரி ஊதித் தெரியுது.”

“டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?”

“போனா எழுதிக் குடுத்துடுவாரு. எழுதினா வண்டிய வாங்கிடுவாங்க. ரிடையராக இன்னும் பதினாலு மாசம்தான்ப்பா. ஸ்டியரிங் இல்லாம இந்தக் கைய நான் எங்க வைக்கிறது?”

“பாக்கெட்ல வைங்கண்ணே.”

அரங்கம் சிரித்தது. அடுத்த கணம் அடங்கிவிட்டது.

பக்கத்தில் அவருடைய கை சட்டைக் காலருக்குப் போனது. அங்கே இல்லாத எதையோ தடவியது.

“கேமராவுக்கு பேட்டரி எடுத்தாறேன்னு அந்தப் பொண்ணு வெளிய போச்சுண்ணே,” என்றார் என் காதருகில். “மைக்க கழட்டவே இல்ல.”

“என்கிட்டகூட சொல்லலையே,” என்றார் மனைவி.

நான் எழுந்து படம் ஓட்டும் அறைக்கு ஓடியிருக்கலாம். ஓடி என்ன செய்வது? காதில் விழுந்தது விழுந்ததுதான். உட்கார்ந்தே இருந்தேன். மீதி நான்கு நிமிடங்கள் ஓடி முடிந்தன. எழுந்து நின்று கைதட்டினார்கள். அதிகாரியும் எழுந்துதான் தட்டினார். முதல் பரிசு. அரைமணியை மேடைக்கு அழைத்தார்கள். போனார், பூங்கொத்தை வாங்கிக்கொண்டார், படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார்.

வெளியே அதிகாரி காத்திருந்தார். “படம் நல்லா இருந்துச்சுய்யா. மனசுக்கு என்னவோ ஆயிடுச்சு. திங்கக்கிழமை கண் டாக்டரைப் பாத்துட்டு சர்ட்டிபிகேட்டோட வாங்க. அதுவரைக்கும் சாவி ஆபீஸ்ல இருக்கட்டும்.”

நான் குறுக்கே விழுந்தேன். “ஐயா, இருபத்தாறு வருஷத்துல வண்டியில ஒரு கீறல் கிடையாது. குறிப்பேட்டைக் கொண்டாந்து காட்டறேன்.”

“சாயங்கால நடையெல்லாம் யார் ஓட்டினாங்கன்னும் அதுல இருக்குமே சார். அதையும் சேத்துத்தான் காட்டுவீங்களா?”

அதிகாரி கெட்டவர் அல்ல. “முந்நூறு பேர் கேட்டாச்சு. நாளைக்குப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

அந்தப் பெண் பரிசுக் கோப்பையோடு ஓடி வந்தாள். நடந்தது தெரிந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். “மைக் ஆன்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அங்கிள். அந்த இடத்தை வெட்டிடறேன்.”

“முந்நூறு பேர் காதுலயும் போய் வெட்டுவியா?” என்றார். பிறகு, “அழாத. மழைய நல்லா எடுத்திருந்த,” என்றார்.

திங்கட்கிழமை மருத்துவர், இவர் பயந்ததைத்தான் எழுதிக் கொடுத்தார். வாயில் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அங்கே எட்டு மணிக்குப் போனால் போதும். ஆனால் நான் குறிப்பேட்டோடு போனபோது, ஆறேகாலுக்கே கொட்டகையில் நின்றார். புது ஓட்டுநர் ஆறு நாற்பதுக்கு வந்தார். இவரைவிட உயரம். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார்.

“அது வலப்பக்கமா சாயும் தம்பி. கெட்டியா திருகிக்கோங்க.”

“சரிண்ணே.”

வண்டி வெளியேறியது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றான். அரைமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணி என்னண்ணே?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆறு நாற்பத்தேழு.”

“ரெண்டு நிமிஷம் லேட்டு,” என்றார். “எழுதிக்கோங்க.”

எழுதினேன்.