சீலை மடிப்புக்குள் ஒரு குடியுரிமை

எனக்கு இரண்டு நாடுகளின் குடியுரிமை இருக்கிறது. கடவுச்சீட்டு ஒன்றுதான், கனடாவுடையது. இலங்கைக் குடியுரிமைக்கு என்னிடம் உள்ள ஆதாரம் ஒரேயொரு தாள். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். கனடாக் கடவுச்சீட்டோடு அதையும் சேர்த்துக் காட்டினால், விசா இல்லாமல் இலங்கைக்குள் போகலாம்.

அதற்கு நான் விண்ணப்பித்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சிறு பிள்ளையாக அவர் தோளில் தூங்கியபடியே நான் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். இங்கே குடியுரிமை எடுத்ததோடு பழையது தானாகவே இல்லாமல் போனது. அதை அவர் ஒரு இழப்பாக நினைத்ததே இல்லை.

"எங்களைக் கலைச்ச இடம் பிள்ளை அது. திரும்பிப் போய் ஏன் கதவைத் தட்டுறாய்?"

"நான் தட்டேல்லை அப்பா. என்ர வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கேக்கிறன்."

பிறந்த நாட்டுக்குப் போகும்போது, எதற்காக வருகிறாய் என்ற கேள்விக்குச் 'சுற்றுலா' என்று பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்புகள், பொலிஸ் நற்சான்று, என் பொறியியல் பட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். என் படிப்பைக் காட்டித்தான் அது எனக்குக் கிடைத்தது. சான்றிதழ் கைக்கு வந்த நாளில் யாருக்கும் சொல்லாமல் காருக்குள் இருந்து அதை இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு யாழ்ப்பாணத்தில் மச்சாளின் கலியாணம் வந்தது. மாமியின் ஒரே மகள். அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் நானும் போவதாக முடிவானது. நாட்டை விட்டு வந்த பிறகு அப்பா திரும்பிப் போவது அதுதான் முதல் தடவை. அவர் இணையத்தில் விசா எடுத்தார். நான் எடுக்கவில்லை.

மிசிசாகாவில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. புறப்படும் நாள் காலையில் கைப்பைக்குள் இருந்த ஆவணக் கோப்பை வழக்கம்போலச் சரிபார்த்தேன். கடவுச்சீட்டு, சான்றிதழ், பயணச்சீட்டு எல்லாம் இருந்தன.

விமான நிலையத்தில் அப்பாவின் பெட்டிகள் போய்விட்டன. என்னுடையது தராசில் இருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு விசாவைக் கேட்டார். கோப்பைத் திறந்தேன். சான்றிதழ் இல்லை.

வழியனுப்ப வந்த அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அம்மா, அந்தத் தாள் எங்க?"

"பயப்பிடாதை பிள்ளை, கவனமா வைச்சிருக்கிறன். உன்ர காஞ்சிபுரச் சீலைக்குள்ள."

அம்மா வளர்ந்த காலத்தில், சோதனைச்சாவடியில் முதலில் கொட்டிப் பார்ப்பது கைப்பையைத்தான். அதிலிருந்து எடுக்கப்பட்ட கடதாசி சில நேரம் திரும்பி வராது. அதனால் முக்கியமானதெல்லாம் சீலை மடிப்புக்குள் போகும். மில்லிக்கனில் எங்கள் வீட்டு அலுமாரியிலும் பிறப்புச் சான்றிதழ்கள் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் சரிபார்ப்புப் பட்டியலில் 'அம்மா' என்று ஒரு வரி இல்லை.

பெட்டியை அனுப்ப வேண்டாம் என்று இளைஞரிடம் சொன்னேன். போனிலேயே சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தால் சுலபம் என்றார். கவுண்டர் மூட அதிக நேரமில்லை என்றும் சொன்னார்.

"அவர் சொல்லுறதைக் கேள். உந்தத் தாளுக்காகக் கலியாணத்தை விடப்போறியோ?" என்றார் அப்பா.

கேள்வி நியாயமானது. விமானம் போய்விட்டால் தாலி கட்டுவதற்கு முன் போய்ச்சேர முடியாது. ஆனால் அந்த விசாவை எடுத்தால், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு விருந்தாளியாகப் போவதாகிவிடும்.

"முதல்ல பெட்டியைத் திறப்பம் அப்பா. கிடைக்காட்டில் விசா எடுக்கிறன்."

பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்தேன். சொக்லேற், விற்றமின் போத்தல்கள், மாப்பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்து, எல்லாவற்றுக்கும் அடியில் சீலை. உதறியதும் அது வரிசைக்குக் குறுக்காக விரிந்தது.

"ஐயோ, சரிகை நிலத்தில படுது! இஞ்சால தா பிள்ளை." பின்னால் நின்ற ஒரு அன்ரி தலைப்பைப் பிடித்துக்கொண்டார். நடுப்பகுதியை அப்பா தாங்கினார்.

"ஏயாப்போட்டில சீலைக்கடை போட்டிட்டினம். என்ன விலையாம்?" என்று யாரோ ஒரு அங்கிளின் குரல்.

"உங்கட கலருக்கு எடுபடாது, பேசாமல் நில்லுங்கோ," என்றார் அன்ரி.

வரிசை சிரித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "இன்னும் உள்ளுக்கு, உள்ளுக்கு!" என்று கை காட்டினார். கடைசி மடிப்பில் சான்றிதழ் இருந்தது. பொலித்தீன் உறையில், ஒரு திருநீற்றுப் பொட்டலத்தோடு.

இளைஞர் அப்படியொரு தாளை முன்பு கண்டதில்லை. அவருடைய திரை விசா எண்ணைக் கேட்டது, அல்லது இலங்கைக் கடவுச்சீட்டைக் கேட்டது. இரண்டும் இல்லாமல் ஒரு இலங்கைக் குடிமகள் வந்து நிற்பாள் என்று அந்த மென்பொருளை எழுதியவர்கள் நினைக்கவில்லை. இப்படி விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவருடைய மேலாளர் வந்ததும், விசா தேவையில்லாதவர்கள் பகுதியைத் திறந்து பார்க்கும்படி அமைதியாகக் கேட்டேன். திறந்தார். வாசித்தார். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு வரி இருந்தது.

விமானம் ஏறும் அனுமதிச்சீட்டு அச்சாகி வந்தபோது, அப்பாவும் அந்த அன்ரியும் கரையோடு கரை சேர்த்துச் சீலையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அப்பா வெளிநாட்டவர் வரிசைக்குப் போனார். நான் மற்ற வரிசையில் நின்றேன். என் வயதிருக்கக்கூடிய பெண் அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறி, ஏன் இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை என்றார். இன்னும் எடுக்கவில்லை என்றேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை.

பெட்டிகளுக்குக் காத்திருந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடையதில் எத்தனை நாள் தங்கலாம் என்று இருந்தது. என்னுடையதில் அப்படி ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணம் போகும் வான் வண்டியில் ஏறியதும் சாரதி கேட்டார். "ரெண்டு பேரும் கனடாவோ அண்ணை?"

"நான்தான் கனடா, தம்பி. விசாவில வந்தனான்," என்றார் அப்பா. குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது. "பிள்ளை இந்த நாட்டுக்காரி."

பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "உந்தத் தாளை ஒருக்கால் தா."

முதல் தடவையாக அந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். அவர் அதை மடித்து, சட்டைக்கு உள்ளே இருந்த பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"கைப்பையில வைச்சால் துலைஞ்சு போம்," என்றார்.