சாயங்காலம் வரை நிற்கும் வாசனை

மருமகப் பிள்ளைகளே, உங்கள் மாமன் இன்று பழவேற்காடு மீன் சந்தையில் தன் சாம்ராஜ்யத்தை இழந்தான்.

உங்கள் அத்தை மீஞ்சூருக்குப் புறப்படும்போது கூடை நிறைய மடவை மீனை என்னிடம் ஒப்படைத்தாள். "வெயில் ஏறுறதுக்குள்ள வித்துடு. ஒண்ணு கூட வூட்டுக்குத் திரும்பக் கூடாது"ன்னாள்.

வெயில் காலத்துக்கென்று மகன் வாங்கித் தந்த புது சென்ட்டை இன்றுதான் சோதித்தேன். "எவ்ளோ வேர்த்தாலும் சாயங்காலம் வரைக்கும் நிக்கும் நைனா"ன்னான். எலுமிச்சை வாசம். ஏரியே பழத்தோப்பானது போலிருந்தது. கழுத்தில் அடித்து, உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு, அந்தக் கையாலேயே மீன்களை அடுக்கினேன்.

வழக்கமாக வாங்கும் பாய் வீட்டம்மா ஒரு மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, மருந்து போட்ட மீனா?"

"மருந்து இல்லம்மா, சென்ட்டு."

"மீனுக்கு எதுக்கு சென்ட்டு?"

நான் விளக்குவதற்குள் 'மருந்து' என்ற சொல் ஆந்திர எல்லையைத் தாண்டிவிட்டது. அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் மோந்தார்கள், நகர்ந்தார்கள். மீனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஐஸ் கரைந்தது, நான் கரைந்தேன், வாசம் மட்டும் அசையவில்லை.

மகன் சொன்னது சத்தியம். சென்ட்டுக்கு நூற்றுக்கு நூறு.

கூடை நிறைந்தபடியே வீட்டில் இருக்கிறது. அத்தை திரும்பி வர பஸ் ஏறிவிட்டாளாம்.

தோணிரேவு, பசியாவரம் சொந்தங்கள் பாத்திரத்தோடு உடனே வரவும், மீன் இலவசம். அத்தையிடம் எனக்காகப் பேசத் துணிந்தவருக்குச் சென்ட்டும் இலவசம்.