உச்சி சாய்ந்த பிறகு வெந்த பாயசம்

கந்தகக் களிம்பின் வாசனை பட்டால் எனக்கு இன்றும் பசிக்கும்... சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி. கன்னட எல்லையோரம் ஜூஜுவாடிப் பக்கம், ஊரை விட்டுத் தள்ளி எங்கள் தெரு. எல்லாருமே கூலி வேலைக்காரர்கள். ஏன் தள்ளி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு புத்த பிக்கு, சிரங்குக்கு இலவச மருந்து போட வந்தார். துணைக்குத் தங்கவயல்காரர் ஒருவர், மணி அண்ணன். எனக்கு இருபது வயது. எட்டாவது படித்தவள் என்பதால் பேர் எழுதும் வேலை எனக்கு.

பையன்களைத் தன் கையாலேயே குளிப்பாட்டிக் களிம்பு தடவினார் பிக்கு. எங்களைத் தொட்டுவிட்டால் குளிக்க ஓடுகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தோம்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சாமி, இன்னிக்கு நம்ம வூட்லதான் சாப்பாடு" என்றாள். அவரும் தலையாட்டினார். வெளியாள் ஒருவர் எங்கள் வீட்டில் கை நனைக்கப்போவது அதுதான் முதல் தடவை.

களி தயாராகவே இருந்தது. அம்மா விடவில்லை.

"அவருக்குப் போய் களியா? மானத்த வாங்காத புள்ள!"

பண்டிகைக்கு வைத்திருந்த அரிசியை எடுத்தாள். சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு... பாயசம் வேகாமல் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு வேறு.

கடைசியில் இலை போட்டுக் கூப்பிட்டோம். பிக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். உச்சிப் பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது.

"பேடம்மா... வேணாம்மா, இனிமே சாப்பாடு ஆகாது."

அம்மா முகம் செத்துப்போனது. "இவரும் அப்படித்தானா..." என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பேர் நோட்டை மணி அண்ணன் மடியில் வீசினேன்.

அவர் பதறினார். "ஐயய்யோ, அப்படி இல்லம்மா! உச்சி சாஞ்சா பிக்குங்க யார் வூட்லயும் சாப்பிட மாட்டாங்க. இனி நாளைக்குக் காலையிலதான். முன்னாடியே சொல்லாதது என் தப்பு."

நாங்கள் நம்பவில்லை.

அதற்குள் பிக்கு, "வெல்லத் தண்ணி குடிக்கலாம், குடுங்க" என்றார். அம்மா புதுப் பாத்திரம் தேடி ஓடினாள். அவரோ நாங்கள் குடிக்கும் லோட்டாவையே காட்டினார். அதில் கரைத்துக் கொடுத்ததை வாய் வைத்து, சொட்டு மீதி இல்லாமல் குடித்தார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

சோறும் பாயசமும்? தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும், உடம்பெல்லாம் களிம்போடு, வரிசையாக உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார்கள். நானும்தான். பாயசத்திலேயே கந்தகம் மணத்தது!

மறுநாள் விடிந்ததும் பிக்கு திருவோட்டோடு தெருவில் வந்தார். ஒரு வீடு விடாமல் வாங்கினார். அம்மா போட்டது சுடச்சுடக் களி. எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "சென்னாகிதே அம்மா" என்றார், நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில். அந்த ஒரு வார்த்தையை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதே ரோட்டில் லாரிகளும் பிரியாணிக் கடைகளும். போனைத் தட்டினால் சோறு வாசலுக்கு வருகிறது, சமைத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் சிலர் என் வீட்டுக்கு வந்தால் மட்டும், "இப்பதான் சாப்பிட்டோம்" என்று அவசரமாக எழுந்துகொள்கிறார்கள்.

நான் கோபப்படுவதில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்... பன்னிரண்டு தாண்டியிருக்க வேண்டுமே என்று.