மூக்கு வளைந்த பறவை

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. எனக்குப் பேச்சு வராது. வீட்டில் பேசுவதெல்லாம் என் மனைவிதான். குளத்துக்குத் துணி துவைக்கப் போய் வந்தால், அங்கே கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் சோறு போடுவாள். நாள் முழுக்க மிஷின் சத்தம் கேட்ட காதுக்கு அது இதமாக இருக்கும்.

ஓர் ஐப்பசியில், குளத்துச் சேற்றில் இதுவரை பார்க்காத பறவையொன்று நின்றதாகச் சொன்னாள். மண் நிறம், கோழி அளவு, சாண் நீள மூக்கு. அந்த மூக்கு கருக்கருவாள் போலக் கீழே வளைந்திருந்ததாம். வாசலில் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரம்மா விடவில்லை.

"கொக்கு மூக்கு எங்காச்சும் வளையுமா புள்ள? பசியில கண்ணு சுத்தியிருக்கும். மொதல்ல சோத்தைத் தின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதன்பின் அவள் எதையும் சொல்வதில்லை. சண்டையில்லை, கோபமில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது. "குளத்துல என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பாள். சிரித்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அந்தப் பறவையை எப்படியாவது காட்டிவிட்டால் அவள் மறுபடி பேசுவாள் என்று நினைத்தேன்.

தை மாதம் கம்பெனியில் என்னைத் தூத்துக்குடிக் கடைக்குச் சரக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கடலோரத்தில் பறவைகள் கூட்டமாக இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காதர்பேட்டைக் கடைவீதியில் எங்களிடம் சரக்கு எடுக்கும் பாய் ஒரு பெட்டிக் கேமரா வைத்திருந்தார். அதை இரவல் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு நாள் அவர் கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்க, வாங்க வந்தீங்களா, என் பனியனை மொறைக்க வந்தீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ரோல்ல எட்டுப் படமுங்க. பொட்டியை வயித்தோட அணைச்சுப் புடிங்க. ரொம்பக் கிட்டப் போகோணும். இல்லீன்னா பறவை எறும்பாட்டத் தெரியும்."

சரக்கோடு வெளியூர் போகிறவன் அதே சரக்கில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவது எங்கள் வழக்கம். சலவைப் பட்டறையின் வெளுப்பைக் கடைக்காரர் எங்கள் உடம்பிலேயே பார்ப்பார். கடை வேலை முடிந்து மறுநாள் விடியலில், அந்தப் பனியனோடுதான் முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கினேன்.

சின்ன உள்ளான் குருவிகள் அலையைத் துரத்தி ஓடின. ஆலாப் பறவைகள் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தன. தூரத்தில் வளைந்த மூக்குகளும் தெரிந்தன. குனிந்து மெல்ல அவற்றை நோக்கி நடந்தேன். ஆனால் நாற்பது தப்படி இருக்கும்போதே அவை எழுந்து போய்விடும். ஏழு முறை அமுக்கினேன். ஏழிலும் வெறும் சேறுதான் விழுந்திருக்கும்.

மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்கா வந்திருக்கீய? இம்புட்டு வெள்ளையா நின்னா எந்தக் குருவி கிட்ட வரும்? அதைக் கழத்திட்டுச் சேத்துல படுங்க!"

நான் நெளிவதைக் கண்டு திரும்பி நின்றுகொண்டாள். பனியனைக் கழற்றிச் சேற்றில் குப்புறப் படுத்தேன். வெயில் ஏறி முதுகு காய்ந்தபோது, ஒரு பறவை தானாக நடந்து வந்தது. பத்துத் தப்படியில் நின்றது. மூச்சை அடக்கி எட்டாவது படத்தை எடுத்தேன்.

படம் கழுவி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவரை விதை அளவுப் பறவை. மூக்கின் வளைவு மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவள் கதவு வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது இல்லீங்க," என்றாள்.

படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இதுக்கு மூக்கு கட்டைங்க. நான் பாத்ததுக்கு இன்னும் ஒரு பங்கு நீளம். இது அதுக்குச் சித்தப்பன் மகனாட்ட இருக்குது. ஆமா, இத்தனை கிட்ட எப்படிப் போனீங்க?"

சேற்றில் கிடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் திரும்பி நின்றதையும் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றேன்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அது பறக்கறப்ப ஒரு சத்தம் போட்டுச்சுங்க. அன்னைக்கு அதைச் சொல்றதுக்குள்ளதான் நீங்க சிரிச்சுப்புட்டீங்க."

பிறகு, வாயருகே கையைக் குவித்து, வீடு நிறைய அந்தப் பறவையைப் போலவே கூவிக் காட்டினாள்.