புகைத் தொட்டியில் கை கழுவியவர்

இதில் நான் கூட்டியது ஒன்றுமில்லை. மாரிக்கண்ணன் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். இருட்டில் எதையோ பார்த்துப் பயந்த கதையுமில்லை. பட்டப்பகலில் நடந்தது.

சிவகாசிக்கு வெளியே இருக்கும் ஓர் எரிவாயு தகன மேடையில் உலையை இயக்குபவர் மாரிக்கண்ணன். அங்கே புகை நேராக மேலே போகாது. ஸ்கிரப்பர் என்கிற இரும்புக் கூண்டுக்குள் நுழையும். மேலிருந்து தண்ணீர் தூவிக்கொண்டே இருக்கும். கரியும் சாம்பலும் தண்ணீரோடு கீழே தொட்டியில் இறங்கிவிடும். வெளுத்த புகை மட்டும் குழாயில் ஏறும். தொட்டித் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற ஒரு பம்பு.

அந்த வாரம் அந்தப் பம்பு இறுகிக்கொண்டது. போன தடவை இப்படி ஆனபோது மேடையை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் ரத்தினசாமி, 'சும்மா எரி' என்றார். மாரிக்கண்ணன் எரித்தார். பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் கரி. ஜனம் திரண்டு வந்ததும் ரத்தினசாமி கையை உதறிவிட்டு, பழியை மாரிக்கண்ணன் தலையில் கட்டினார். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை.

பம்பு நின்றிருந்த அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் விஸ்வநத்தம் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. சோதனை வெடி என்று மாரிக்கண்ணன் நினைத்துக்கொண்டார். மதியம் ரத்தினசாமி போன் செய்தார்.

"ஏலே, நாளைக்குப் பாடி வந்தா பம்பு இல்லாமலே எரிச்சிரு."

"அண்ணாச்சி, கரி விழும். போட்டோ புடிச்சிருவாக."

"யாருலே புடிப்பா? நீ பெரிய சினிமா ஸ்டாரு!"

போனை வைத்ததிலிருந்து மாரிக்கண்ணனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். கேட்டைப் பூட்டினார். பம்பின் வயரைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, ஸ்பானர் எடுக்க உள்ளே போனார்.

பின்பக்கம் சத்தம். சளக்... சளக்...

ஸ்பானரோடு வெளியே வந்து பார்த்தார். தொட்டி ஓரம் ஓர் ஆள் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கை, கழுத்து, முடி எல்லாம் வெள்ளி நிறம். பட்டாசுக் கம்பெனியின் அலுமினியத் தூள். போட்டோ எடுக்க வேஷம் கட்டி வந்திருக்கிறான் என்றே மாரிக்கண்ணன் நினைத்தார்.

"யாருய்யா நீரு? எப்பிடி உள்ள வந்தீரு?"

ஆள் திரும்பவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போகலய்யா... வேன் வந்துரும்."

"போனை எங்கன ஒளிச்சு வச்சிருக்கீரு?"

"தண்ணி ஓடலயே... ஓடுனாத்தான போகும்..."

அப்போதுதான் கவனித்தார். சளக் சளக் என்று கேட்கிறது. தொட்டித் தண்ணீர்மேல் கரிப்படலம் அப்படியே கிடக்கிறது. ஓர் அலைகூட இல்லை.

க்ர்ர்ர்...

பம்பு சுற்றியது.

வயர் தரையில் கிடந்தது. மாரிக்கண்ணனின் காலடியில்.

கூண்டுக்குள் தண்ணீர் கொட்டியது. கீழ்க்குழாய் வழியே தொட்டியில் விழுந்தது. ஆள் இரண்டு கையையும் அதில் நீட்டினார். தொட்டி வெள்ளியாக மாறியது.

பம்பு நின்றது.

ஆள் இல்லை.

ஈரக் கால்தடம் மட்டும். கேட்டுப் பக்கம் போகவில்லை.

உலைக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வந்தது. முந்தின நாள் காலை விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்து, சுவர் சரிந்து செத்த கருப்பணனின் உடல். மனைவி வள்ளித்தாய் துணியை விலக்கினாள். முகம் முழுக்க வெள்ளி. கை இரண்டும் முழங்கை வரை சுத்தம்.

"யாரு கை கழுவி விட்டது?"

"யாரும் தொடலக்கா," என்றார் டிரைவர்.

"வேலை முடிஞ்சா கை, மூஞ்சி கழுவாம கம்பெனி வேன் ஏற மாட்டாரு... மூஞ்சி கழுவ நேரமில்லாமப் போச்சே!"

ரத்தினசாமி காரிலிருந்து கத்தினார். "பத்த வையிலே!"

மாரிக்கண்ணன் அந்தச் சுத்தமான கைகளைப் பார்த்தார். பிறகு ரத்தினசாமியிடம் சொன்னார். "தண்ணி ஓடாம பத்த வைக்க மாட்டேன் அண்ணாச்சி. வேணும்னா என்னை வேலைய விட்டு நிப்பாட்டுங்க."

வந்திருந்த கூட்டம் ரத்தினசாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் போன் போட்டதும் மெக்கானிக் வந்தார். பம்பைப் பிரித்தவர், உள்ளே துரு ஏறிப் பூட்டிக் கிடப்பதாகவும், பல நாளாக ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது என்றும் சொன்னார்.

பம்பு சரியாகி, தண்ணீர் ஓடிய பிறகே உலை எரிந்தது. புகை வெளுப்பாக ஏறியது.

எல்லாரும் போனபின் ஒருவர் மட்டும் நின்றார். செல்லச்சாமி. கருப்பணனோடு வேலை பார்த்தவர், சுவரைப் புரட்டி உடலை எடுத்தவர். 'எப்போது எடுத்தீர்கள்' என்று மாரிக்கண்ணன் கேட்டார்.

"நேத்துப் பொழுது அடையுற நேரம்ணே. அது வரைக்கும் கல்லுக்குள்ளதான் கெடந்தான். முதல்ல கைதான் தெரிஞ்சது..."

செல்லச்சாமி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"புடிச்சு இழுத்தேன். ஈரமா இருந்துச்சுண்ணே."