கேட்காமல் நிரப்பிய இருபத்திரண்டு தாள்கள்

பிள்ளைகளா, உங்கள் அக்கா சிதம்பரத்தில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படித்தபோது நான் செய்த காரியத்தை நீங்கள் என் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். கடலூர் முதுநகரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன்.

நம் பக்கத்துத் தெருக்களில் எந்தெந்த வீட்டுப் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது என்பதுதான் அவளுடைய ஆய்வு. வீட்டுக்கு ஒரு தாள். அறுபது வீட்டை அவளே கேட்டு முடித்தாள். அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மீதி இருபத்திரண்டு தாளை என்னிடம் நீட்டினாள்.

“நீ கேன் போடுற வீடுதானப்பா. அவுங்க சொல்றத அப்படியே எழுதிக்கிட்டு வா.”

அன்றைக்கு நல்ல மழை. வண்டியை ஓரம்கட்டி, உள்ளே உட்கார்ந்தபடியே அத்தனையையும் எழுதிவிட்டேன். ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. எல்லாமே உப்பு. தண்ணீர் நன்றாக இருந்தால் எதற்குக் கேன் வாங்குகிறார்கள்? ஏமாற்றுகிறோம் என்று தோன்றவே இல்லை. பிள்ளைக்கு ஒத்தாசை என்றுதான் நினைத்தேன்.

அவள் கையெழுத்துப் போட்டுத் துறையில் கொடுத்துவிட்டாள். பிறகு சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க அந்த வீடுகளில் ஒன்றுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த அம்மா சிரித்திருக்கிறார். “உப்பா? குடிச்சிப் பாரு. மாமனாருக்கு ஒடம்பு சரியில்ல, டாக்டர் சொன்னாருன்னு கேன் வாங்குறோம். ஒங்கப்பா ஒண்ணும் கேக்கலியே.”

வீட்டுக்கு வந்ததும் என் எதிரில் நின்றாள்.

“எத்தன வீட்டுலப்பா கேட்ட?”

“அந்த ஒரு தாள மட்டும் மாத்திடலாமே” என்றேன்.

“மத்தது மட்டும் கேட்டு எழுதுனதா?”

மறுநாள் காலை, அவள் ஆய்வைப் பார்க்கிற சாரிடம் சொல்லக் கிளம்பினாள். நானும் பஸ் ஏறினேன். “தப்பு எம்மேலதான், நான் சொல்றேம்மா” என்றேன். “தாள ஒங்கிட்ட குடுத்தது நான். கையெழுத்தும் என்னோடது” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிதம்பரத்தில் இறங்கித் துறைக்குப் போனோம்.

அவள் சாரின் அறைக்குள் போனாள். வெளியே சுவரில், ஆய்வில் நேர்மை பற்றிய கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று தடவை படித்தேன். கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை.

“ஆய்வேட்ட இந்தத் தடவ குடுக்க முடியாது. எண்பத்திரண்டு வீடும் திரும்பப் போவணும்” என்றபடி வெளியே வந்தாள்.

“நீ கேட்ட அறுபதுமா?”

“அது நான் கேட்டதுதான்னு சார் எப்படிப்பா நம்புவாரு?”

அடுத்த வாரம் ஒரு வீட்டு வாசலில் கேனை இறக்கினேன். உள்ளே அவள் தாளோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டு அவளிடம், “ஒங்கப்பாவுக்கே எல்லாம் தெரியுமே, அவரயே கேளேன்” என்றார்.

“இல்லக்கா, நீங்க சொல்லுங்க.”

நான் காலிக் கேனை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.